எடை குறைந்தது, மாதவிலக்கும் நின்றது: வாசகியர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

டாக்டர், எனக்கு 24 வயது, உயரம் 160 செ.மீ. 57 கிலோ இருந்த நான் ஏழு மாதங்களில் 48 கிலோவுக்கு வந்துவிட்டேன். காலையில் 2 அவித்த முட்டை, மதியம் 100 கிராம் சிக்கனும் காய்கறியும், மாலையில் ஒரு கைப்பிடி பாதாம், இரவு சூப்புடன் ஒரு முட்டை. தினமும் 8 கி.மீ. ஓடுகிறேன். நான்கு மாதங்களாக மாதவிலக்கு வரவில்லை. கர்ப்பம் இல்லை என்று பரிசோதித்துவிட்டேன். உடல் பழகியதும் தானாக வந்துவிடும் என்கிறார் ஜிம்மில் பழக்கமான அக்கா. காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். மாதந்தோறும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் வராமல் போனாலே காரணம் தேட வேண்டும்.

உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை பொருத்தமா என்று காட்டும் எண்) 18.75. அட்டவணையில் அது இயல்பான எடை. பார்க்கிறவர்கள் எல்லோரும் பாராட்டியிருப்பார்கள், யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. ஆனால் உங்கள் மூளை எடை இயந்திரத்தைப் பார்ப்பதில்லை. சாப்பிட்டதில் உடற்பயிற்சிக்குப் போனது போக மிச்சம் என்ன என்றுதான் பார்க்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் எழுதியிருக்கும் உணவு, தாராளமாக மதிப்பிட்டாலும், 1,200 கலோரியைத் தாண்டாது. 48 கிலோ எடையுள்ளவர் 8 கி.மீ. ஓடினால் ஏறக்குறைய 380 கலோரி செலவாகும். மிச்சம் 820. உங்கள் உடலில் கொழுப்பு 20% என்று வைத்துக்கொண்டால், கொழுப்பு நீங்கலான எடை 38 கிலோ. அதாவது கிலோவுக்கு 22 கலோரிகூட இல்லை. 45 கலோரி அளவில் இருந்தால் உடல் நிம்மதியாக இயங்கும். 30க்குக் கீழே போனால் பல பெண்களின் ஹார்மோன் ஓட்டம் தடுமாறத் தொடங்குகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஆன் லௌக்ஸ் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான இளம்பெண்களுக்கு இந்தத் தடுமாற்றம் ஐந்தே நாட்களில் தெரிந்தது. நீங்கள் ஏழு மாதங்களாக அப்படி இருக்கிறீர்கள்.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனை விட்டுவிட்டுச் சுரக்கிறது. அந்தத் தாளத்துக்கு ஏற்பத்தான் பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்களை அனுப்பும். அவை வந்தால்தான் சினைப்பையில் கருமுட்டை முதிரும், ஈஸ்ட்ரோஜன் ஊறும். வரவு குறைந்த வீட்டில் முதலில் தள்ளிப்போவது கல்யாணச் செலவுதான். உடலும் இதயத்துக்கும் மூளைக்கும் வேண்டியதை எடுத்து வைத்துவிட்டு, பிள்ளைப்பேற்றுக்கான ஏற்பாட்டைத் தள்ளிப்போடுகிறது. கை கால் சில்லிடுவது, முடி கொட்டுவது, மலச்சிக்கல் போன்றவை இருக்கின்றனவா என்று கவனியுங்கள். அவையும் இதே சிக்கனத்தின் அடையாளங்களாக இருக்கலாம்.

கர்ப்பப் பரிசோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். கூடவே தைராய்டு, புரோலாக்டின், எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ராடியால் பரிசோதனைகள் வேண்டும். வேறு காரணம் எதுவும் இல்லையென்றால், சாப்பாடுதான் மருந்து. மதியம் சோறு திரும்ப வரட்டும், இரவில் சூப்புக்குப் பதில் மூன்று இட்லியோ இரண்டு தோசையோ சாப்பிடுங்கள். ஓட்டத்தை வாரம் மூன்று நாளாகக் குறையுங்கள். கொஞ்சம் எடை ஏறும், ஏறத்தான் வேண்டும். மாதவிலக்கு திரும்பச் சில மாதங்கள் ஆகலாம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும்.

இன்னொன்றையும் கேட்கிறேன். சோற்றைப் பார்த்தாலே பயமாக இருக்கிறதா? ஒரு நாள் ஓடாவிட்டால் குற்ற உணர்வு வருகிறதா? ஆம் என்றால் மனநல மருத்துவரையும் பாருங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

உடல் கொழுப்பு 22 சதவீதத்துக்குக் கீழே போனால் மாதவிலக்கு நின்றுவிடும் என்கிறார் என் பயிற்சியாளர். ஜிம் இயந்திரம் எனக்கு 21 காட்டுகிறது. பயமாக இருக்கிறது.

மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது என்றால் பயப்பட வேண்டாம். அந்த 22, 1974இல் ரோஸ் ஃப்ரிஷ், ஜேனட் மெக்ஆர்தர் இருவரும் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த எண். கொழுப்பை அவர்கள் நேரடியாக அளக்கவில்லை, உயரத்தையும் எடையையும் வைத்துக் கணித்தார்கள். ஒரே அளவு கொழுப்புள்ள இரண்டு ஓட்டக்காரிகளில் ஒருத்திக்கு மாதவிலக்கு வரும், இன்னொருத்திக்கு வராது என்பது பிறகு தெளிவாகிவிட்டது. கொழுப்புக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன், கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குத் தெரிவிக்கிறது. 1994இல் கண்டுபிடிக்கப்பட்ட இதை, மாதவிலக்கு நின்றுபோன சில பெண்களுக்கு ஊசியாகச் செலுத்தியபோது, எடை கூடாமலே சிலருக்குக் கருமுட்டை வெளிப்பட்டது. ஆனால் எல்லோருக்கும் பொதுவான ஒரு எல்லைக்கோடு கிடையாது. ஜிம் இயந்திரம் காட்டும் எண்ணோ, ஒரு செம்பு தண்ணீர் குடித்தாலே மாறக்கூடியது.

வயது 22, எடை 44 கிலோ. ஆறு மாதங்களாக மாதவிலக்கு இல்லை. ஸ்கேனில் சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறது, பிசிஓடி என்றார்கள். சர்க்கரை நோய்க்கும் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்து, அரிசி, இனிப்பைக் குறைத்து நன்றாக நடக்கச் சொன்னார்கள். கடைப்பிடிக்கிறேன், இன்னும் வரவில்லை. மாதவிலக்கை வரவழைக்க ஒரு முறை ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார்கள், இரண்டு சொட்டுதான் பட்டது.

இப்படி ஒரு கடிதம் வராத மாதமே இல்லை. ஒவ்வொரு முறையும் மனம் பொறுக்கவில்லை. ஏற்கெனவே பசித்திருக்கும் உடலை இன்னும் பட்டினி போடச் சொல்லும் சிகிச்சை இது.

ஸ்கேனில் தெரியும் 'நீர்க்கட்டிகள்' உண்மையில் முதிராமல் நின்ற சிறு கருமுட்டைப் பைகள். இளம்பெண்கள் பலருக்கு அவை இயல்பாகவே இருக்கும். சாப்பாடு போதாமல் மாதவிலக்கு நின்றவர்களின் சினைப்பையும் ஸ்கேனில் அப்படியே தெரியலாம். ஆகவே ஸ்கேனை மட்டும் வைத்து பிசிஓடி என்று முடிவு கட்டக் கூடாது. முகத்தில் முடி, அதிகப் பரு இருக்கிறதா? டெஸ்டோஸ்டிரோன் கூடியிருக்கிறதா? கருப்பை உட்சவ்வு எத்தனை மில்லிமீட்டர்? பிசிஓடியில் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் போதிய அளவு இருக்கும், உட்சவ்வும் தடித்திருக்கும். ஐந்து நாள் மாத்திரையை நிறுத்தியதும் நன்றாகப் படும். உங்களுக்கு இரண்டு சொட்டு மட்டும் பட்டது பெரிய தடயம். உதிர்வதற்கு உட்சவ்வே வளரவில்லை, ஈஸ்ட்ரோஜன் குறைவு என்று சந்தேகிக்க வேண்டும்.

பழைய ஸ்கேன் அறிக்கையில் உட்சவ்வின் அளவு இருக்கும், எடுத்துப் பாருங்கள். ஹார்மோன் பரிசோதனைகளோடு வேறொரு மகப்பேறு மருத்துவரிடமோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடமோ காட்டுங்கள். அதுவரை அரிசியைக் குறைக்காதீர்கள். மெட்ஃபார்மினைத் தொடர்வதா என்பதை அவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நின்றுபோன மாதவிலக்கு, கருத்தடை மாத்திரை கொடுத்ததில் டாண் என்று வருகிறது. குணமாகிவிட்டேன் என்று அர்த்தமா?

இல்லை. அது மாத்திரையை நிறுத்தும் நாட்களில் படும் உதிரம். உள்ளே கருமுட்டை முதிர்ந்ததா என்பதை அது சொல்லாது. எலும்பு காப்பாற்றப்படுகிறது என்றும் நினைத்துவிடாதீர்கள். சாப்பாடு போதாமல் நின்ற மாதவிலக்குக்கு எலும்பைக் காக்க இந்த மாத்திரையை நம்ப முடியாது. உணவைச் சரிசெய்தும் மாதக்கணக்கில் வராதவர்களுக்கு, தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டையைச் சில காலம் பரிந்துரைப்பதுண்டு. நின்று ஆறு மாதம் ஆகியிருந்தால் டெக்ஸா ஸ்கேனில் எலும்பின் அடர்த்தியைப் பார்ப்பது நல்லது.

மகளுக்கு 16 வயது. விளையாட்டு விடுதியில் தங்கி 3,000 மீட்டர் ஓடுகிறாள். இன்னும் வயதுக்கு வரவில்லை. ஓடுகிற பிள்ளைகளுக்கு அப்படித்தான் என்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே வலி என்றும் சொல்கிறாள்.

அம்மா, இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள். 15 வயது முடிந்தும் பூப்படையவில்லை என்றால் பரிசோதிக்க வேண்டும். 13 வயதில் மார்பக வளர்ச்சி தொடங்கவில்லை என்றால் அப்போதே. ஓட்டம்தான் காரணம் என்று முதலிலேயே முடிவு செய்வதும் தவறு. கருப்பை வளர்ச்சிக் குறைபாடு, குரோமோசோம் மாறுபாடு ஆகியவற்றை ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்து விலக்கிய பிறகே ஓட்டத்தின் மேல் பழி போடலாம்.

கால் வலி எனக்கு அதிகக் கவலை தருகிறது. கெண்டைக்கால் எலும்பில் ஓரிடத்தில் விரல் வைத்து அழுத்தினால் சுரீரென்று வலிக்கிறதா என்று பாருங்கள். வலித்தால் அழுத்த முறிவாக (ஓயாத ஓட்டத்தால் எலும்பில் விழும் கீறல்) இருக்கலாம், உடனே ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாழ்நாளுக்கான எலும்பு வலுவின் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்கிறது, அதற்கு ஈஸ்ட்ரோஜன் வேண்டும்.

விடுதியில் விடியற்காலைப் பயிற்சி முடிந்து பள்ளிக்கு ஓடும் அவசரத்தில் பிள்ளைகள் காலை உணவை விட்டுவிடுகிறார்கள். பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் அவள் எதையாவது சாப்பிட வேண்டும். வாழைப்பழம், வேர்க்கடலை உருண்டை, பால் எதுவானாலும் சரி. உளுந்தங்களியை வயதுக்கு வந்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை, இப்போதே நல்லெண்ணெய் விட்டுக் கொடுங்கள். பயிற்சியாளரிடமும் நேரில் பேசுங்கள். பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லாமல் போவதை சர்வதேச ஒலிம்பிக் குழுவே 2014 முதல் விளையாட்டு வீரர்களின் உடல்நலப் பிரச்சினையாகப் பேசி வருகிறது.

டயட் எதுவும் இல்லாமலே மூன்று மாதத்தில் 7 கிலோ குறைந்துவிட்டது. மாதவிலக்கும் இரண்டு மாதமாக இல்லை. சாயங்காலமானால் உடம்பு கதகதக்கிறது. நல்லதுதானே என்கிறார் மாமியார்.

நல்லதல்ல. இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். நம் நாட்டில் இப்படி ஒருவர் சொன்னால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது காசநோய். அது கருப்பையையும் தாக்கும். தைராய்டு அதிகச் சுரப்பு, சர்க்கரை நோய், கர்ப்பம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம்.

92 கிலோவாக இருந்தபோது வருடத்துக்கு மூன்று முறைதான் மாதவிலக்கு வரும். எடை குறைக்கும் டிர்ஸெபடைட் ஊசி போட்டு 83 கிலோவுக்கு வந்துவிட்டேன். எப்போதாவது வருவதுதானே என்று கருத்தடை எதுவும் பயன்படுத்துவதில்லை. பரவாயில்லையா?

எடை குறைந்தது உங்களுக்கு நல்லது. பிசிஓடி உள்ள பருமனான பெண்களுக்கு எடையில் 5 முதல் 10% குறைந்தாலே கருமுட்டை வெளிப்படத் தொடங்கலாம், நீங்கள் அந்த அளவை எட்டிவிட்டீர்கள். அதனால்தான் கருத்தடை இப்போது அவசியம். கருமுட்டை வெளிப்பட்ட ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான் மாதவிலக்கு வரும். எனவே அடுத்த மாதவிலக்கைப் பார்ப்பதற்கு முன்பே கரு தங்கிவிடலாம். மெலிந்ததால் மாதவிலக்கு நின்று, இப்போது சாப்பிட்டுத் தேறிவரும் பெண்களுக்கும் இது பொருந்தும்.

டிர்ஸெபடைட், வாய்வழிக் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடும். ஊசியைத் தொடங்கிய பிறகு நான்கு வாரமும், ஒவ்வொரு முறை அளவைக் கூட்டிய பிறகு நான்கு வாரமும் ஆணுறையையும் பயன்படுத்த வேண்டும். காப்பர்-டி போட்டிருந்தால் இந்தக் கவலை இல்லை. குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால், ஊசியை எப்போது நிறுத்துவது என்று அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கர்ப்பமாக இருக்கும்போது அதைப் போடக் கூடாது.