60 செக்கன் படமும் 62 லட்சமும்

போன ஞாயிறு காலை, ஹட்டன் டவுனில் பனி விலகாத நேரம், பிள்ளையின் படிப்பு, வேலை பற்றி ஆலோசனை கேட்டு மூன்று பேர் என் அறைக்கு வந்தார்கள். தலவாக்கலைப் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா, கண்டியில் கடை வைத்திருக்கும் பெரியப்பா, இருவருக்கும் நடுவில் தலை குனிந்தபடி மகள். மகள் பேராதனையில் விவசாயப் பட்டம் முடித்துவிட்டு அங்கேயே எம்.ஃபில் இரண்டாம் வருடத்தில் இருக்கிறாள். அம்மாவின் மடியில் ஒரு சொப்பிங் பேக், அதற்குள் மகளின் சான்றிதழ்கள், அடியில் நாலாய் மடித்த அடகுச் சீட்டு.

"ராவெல்லாம் லெப்டொப்புல பொம்மைப் படம் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா சார். படிக்கிற புள்ள செய்யிற வேலையா இது?"

பெரியப்பா பேசவில்லை, ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார். இங்கிலாந்தில் ஒரு வருட முகாமைத்துவ மாஸ்டர்ஸ், ஏஜெண்ட் எடுத்துக் கொடுத்தது, கட்டணம் 15,500 பவுண்.

வழக்கமாக நான் முதலில் ஆறுதல் சொல்வேன். அன்றைக்குத் தேத்தண்ணி கொடுத்ததோடு சரி. அம்மாவான நீங்கள்தான் பேசியதை எழுதித் தரச் சொல்லிவிட்டுப் போனீர்கள் அக்கா. இதே கதையோடு இன்னும் சில குடும்பங்களும் வந்து போவதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன், பெயர், தோட்டம் எதுவும் போடவில்லை.

முதலில் காசு. பவுண் ஒன்றை 400 ரூபா என்று வைத்தால் அந்தக் கடிதத்தில் இருப்பது 62 லட்சம். 2024இல் வந்த 1350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் கணக்குப் போட்டால் 4,593 நாள் பேர், அதாவது அத்தனை முழு நாள் கூலி. அரைப்பேர் இல்லாமல், சுகவீனம் இல்லாமல், மாதம் 25 நாள் மலைக்குப் போய், சம்பளத்தில் ஒரு சதமும் சாப்பாட்டுக்கு எடுக்காமல் இருந்தாலும் 15 வருடத்துக்கு மேல். இது படிப்புக் காசு மட்டும்தான். மாணவர் விசாவோடு சேர்த்து மருத்துவக் கட்டணம் என்று வருடத்துக்கு 776 பவுண் முன்கூட்டியே கட்டச் சொல்வார்கள், அப்புறம் விசாக் கட்டணம், டிக்கெட், அங்கே அறை வாடகை, குளிருக்குச் சட்டை. நம் ஊரில் நகைக்கும் பவுண் என்கிறோம், லண்டன் காசுக்கும் பவுண் என்கிறோம், அதனாலோ என்னவோ ஒன்றை விற்று மற்றதை வாங்குவது சில்லறை மாற்றுகிற மாதிரி ஆகிவிட்டது. உங்களிடம் இருப்பது ஐந்து பவுண் நகை, அதுவும் அடகில். மிச்சக் காசு வட்டிக்கு வரும் என்று பெரியப்பா சொன்னபோது, அந்த வட்டியை யார் கட்டுவது என்று நான் கேட்டேன். அதற்கு அவர் கூரையைப் பார்த்தார்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை, பிள்ளை மேல் பாசம் உள்ள மனிதர்தான். ஆனால் "லண்டன்ல மாஸ்டர்ஸ்னா நாலு பேர் மதிப்பாங்க" என்று சொன்ன அந்த நாலு பேரில் ஒருவரும் கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்க வரப் போவதில்லை. பிள்ளையைப் பாதி ஆராய்ச்சியிலிருந்து கிளப்பி, அவள் கேட்காத ஒரு பாடத்தை, அவள் அம்மாவின் முதுகை அடகு வைத்துப் படிப்பிக்கச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு வருட முகாமைத்துவம் படித்துவிட்டு வருகிற பிள்ளையிடம் தேயிலை பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. இரண்டு வருடம் மழையில் நின்று எடுத்த கணக்குகள் எல்லாம் பேராதனையில் ஏதோ அலுமாரியில் கிடக்கும்.

டீச்சர் வேலை, வங்கிப் பரீட்சை, நிர்வாக சேவை இதெல்லாம் நீங்களே விசாரித்து வைத்திருக்கிறீர்கள், விட்டுவிடுகிறேன். யாரும் கேட்காத ஒன்றைப் பற்றித்தான் எழுத வேண்டும், அந்தப் பொம்மைப் படம்.

மகளிடம் "போட்டுக் காட்டு" என்றேன். ஃபோனில் 60 செக்கன். தேயிலைக் கொழுந்தில் வரும் கொப்புள நோய் எந்த மாதிரி நாட்களில் பரவுகிறது, மருந்து அடிப்பதை எப்போது தவிர்க்கலாம் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. 1946இல் இந்த நாட்டுக்குள் வந்த நோய், இன்னும் நம்மை விடவில்லை. படத்தில் ஒரு கொழுந்து, அதன் மேல் ஒரு துளி ஈரம், கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை வித்து வந்து விழுகிறது, இலை வெளிறி அடிப்பக்கம் வெள்ளையாகப் பொங்குகிறது, அங்கிருந்து ஆயிரம் வித்துகள் காற்றில் பறக்கின்றன. கீழே நாலே வரி. சத்தம் இல்லை.

நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. "இன்னொருக்கா போடு" என்றீர்கள். இரண்டாம் தரம் ஓடும்போது கொழுந்துக் கறை ஏறிய விரலால் திரையின் மூலையைத் தொட்டு, "இந்தச் சூரியன் எதுக்கு? வெயிலடிச்சா கொப்புளம் எங்க வரும்? மூட்டம் போட்டு, மல மேல பனி எறங்கி நின்னாத்தானே வரும்" என்றீர்கள். மகள் முகத்தைப் பார்த்தீர்களா? படம் மங்கலாக இருக்கிறதே என்று அழகுக்காக அந்தச் சூரியனைப் போட்டிருக்கிறாள். வெயில் பட்டால் அந்த வித்து செத்துப் போகும் என்பதுதான் அவளுடைய ஆய்வேட்டின் அடிப்படையே! இருநூறு பக்க ஆங்கில ஆய்வேட்டை உங்கள் கையில் கொடுத்திருந்தால் இந்தப் பிழையை நீங்கள் பிடித்திருப்பீர்களா அக்கா? எனக்குத் தெரிந்து அந்த அறையில் இருந்த நாலு பேரில் கொப்புள நோயை அதிக நாள் பார்த்தவர் நீங்கள்தான்.

இந்த வேலைக்கு வெளியே ஒரு பெரிய வட்டம் இருக்கிறது. 2008இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் மூன்று நிமிடத்தில் ஆய்வேட்டைச் சொல்லும் போட்டி ஒன்றைத் தொடங்கினார்கள், அசையாத ஒரே ஒரு படத்தை மட்டும் பின்னால் வைத்துக்கொள்ளலாம். அந்த மூன்று நிமிடம் எப்படி வந்தது என்றால், அப்போது அங்கே கடும் வரட்சி, குளிப்பதை மூன்று நிமிடத்தில் முடிக்கச் சொல்லி வீடுகளில் மணல் கடிகாரம் வைத்திருந்தார்களாம். (நம் பீலிக்கரையில் பின்னால் வாளியோடு நிற்கிறவர்களின் வாய்தான் மணல் கடிகாரம்.) அதைப் பார்த்து மெல்பேர்ன் பல்கலைக்கழகம் இன்னும் இறுக்கியது. மேடைப் பேச்சே வேண்டாம், அசையும் டிஜிட்டல் போஸ்டர் ஒன்று, 60 செக்கன், அவ்வளவுதான். பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் முதலில் நடத்தித் தங்கள் மாணவரை அனுப்புகின்றன, ஆகவே தனியாக விண்ணப்பம் தேடி அலையாமல் மகள் முதலில் தன் பட்டப்பின் நிறுவனத்திலும் நூலகத்திலும் போய்க் கேட்க வேண்டும். இல்லை என்றால், நாமே நடத்துவோமா என்று கேட்கட்டும், கேட்பதற்குக் காசு இல்லை.

அச்சுப் போஸ்டரையும் ஒருவர் மாற்றிப் போட்டார். மாநாடுகளில் 84 சென்டிமீட்டர் அகலம், 119 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு தாள் நிறைய எறும்பு எழுத்தாக ஒட்டி வைப்பார்கள், எழுதியவர் பக்கத்தில் நிற்பார், மற்றவர்கள் பிஸ்கட்டோடு கடந்து போவார்கள். 2019இல் மைக் மொரிசன் என்ற உளவியல் ஆராய்ச்சி மாணவர், கண்டுபிடித்ததை ஒரே வாக்கியமாக நடுவில் பெரிய எழுத்தில் போடு, மிச்சத்தை ஓரத்தில் வை, முழுக் கட்டுரை வேண்டுமென்றால் கியூஆர் கோடை ஃபோனால் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார். அது உலகம் முழுக்கச் சுற்றியது. பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள், நடு வாக்கியத்துக்குள் அடங்காத ஆராய்ச்சியும் இருக்கிறது என்பார்கள், அது நியாயம்தான்.

இனி மகளுக்கு. தங்கச்சி, நீ செய்திருப்பதில் நல்லது பாதி, திருத்த வேண்டியது பாதி. முதல் ஐந்து செக்கனில் உன் பல்கலைக்கழகச் சின்னமும் நீளமான தலைப்பும் வருகிறது, அதை யாரும் பார்க்க மாட்டார்கள், கொழுந்திலிருந்து தொடங்கு, சின்னம் கடைசியில் வரட்டும். 60 செக்கனுக்கு மொத்தம் 60, 70 சொல் போதும், அதற்கு மேல் போனால் கண் வாசிக்கும், படத்தைப் பார்க்காது. ஒரு படத்துக்கு ஒரு வேலை கொடு. பச்சை இலையில் சிவப்பு வட்டம் போட்டு நோயைக் காட்டியிருக்கிறாய், சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத ஆட்களுக்கு அந்த வட்டமே தெரியாது, வெள்ளைக் கோடு போடு. இணையத்தில் எடுத்த பாட்டையும் படத்தையும் அனுமதி பார்க்காமல் சேர்க்காதே, நீயே வரைந்ததையும் உன் ஃபோனில் எடுத்ததையும் வை. இன்னும் வெளியிடாத எண்கள் இருந்தால் சுப்பர்வைசரிடம் காட்டாமல் வட்ஸ்அப்பில் கூடப் போடக் கூடாது, இதில் நான் கண்டிப்பு.

சொஃப்ட்வெயருக்குக் காசு வேண்டாம். வரைவதற்கு இன்க்ஸ்கேப், அசைப்பதற்கு பிளெண்டர், இரண்டும் இலவசம், உன் பழைய லெப்டொப் பிளெண்டருக்குத் திணறினால் பவர்பாயிண்டிலேயே அசைத்து வீடியோவாக எடுக்கலாம். நீ இப்போது செய்வதும் அதுதானே. தமிழ் எழுத்தில்தான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடாக மாற்றாமல் போட்டால் மற்றவன் ஃபோனில் குப்பையாகத் தெரியும். பழைய ஃபோட்டோஷொப்பில் தெற்காசிய எழுத்துக்கான தெரிவை மாற்றாமல் தமிழைப் போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். "கொழுந்து" என்று எழுதியதே கோணலாக இருந்த ஒரு போஸ்டரை நான் என் கண்ணால் பார்த்தேன், பெரிய கூட்டம், பின்னால் பத்தடி உயரத்தில். யாருடையது என்று சொல்ல வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது, அதே குடும்பத்தில் சிங்களமும் இருக்கிறது.

சிங்களம் என்றதும்தான் முக்கியமானது வருகிறது. அக்கா, உங்கள் மகள் தமிழில் வளர்ந்தவள், பேராதனையில் ஆங்கிலத்தில் படித்தவள், விடுதியில் சிங்களம் பேசிப் பழகியவள். கொப்புள நோய் எந்த மொழிக்காரனின் தேயிலை என்று பார்த்து வருவதில்லை. சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் சிங்களக் குடும்பத்துக்கும், மருந்து அடிக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும், ஆங்கிலத்தில் அறிக்கை கேட்கும் தோட்டத் துரைக்கும் ஒரே படத்தை மூன்று மொழியில், மொழிபெயர்ப்பு வாடை இல்லாமல் செய்து கொடுக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. உங்கள் மலைக்குப் பக்கத்திலேயே 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் தகவல் தொடர்பு நிலையம் இருக்கிறது, பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம், பத்தரமுல்லையில் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம். ஆராய்ச்சி நடக்கிற இடத்தில் எல்லாம் அதை வெளியே சொல்ல ஆள் வேண்டும். வெளிநாட்டு ஆய்விதழ்கள் பல இப்போது கட்டுரையின் சாரத்தை ஒரே படமாகவும் கேட்கின்றன, வரையத் தெரியாத பேராசிரியர்கள் வரைகிறவர்களைத் தேடிக் காசு கொடுக்கிறார்கள்.

பொய் சொல்ல மாட்டேன். "ஆராய்ச்சிப் படம் செய்பவர்" என்று ஒரு அரசாங்கப் பதவி கெஸட்டில் வராது. தொடர்பாடல் அதிகாரி, விரிவாக்க உத்தியோகத்தர், திட்ட உதவியாளர் என்ற பெயர்களுக்குள் ஒளிந்துதான் வரும், தேடிப் படிக்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு வருடம் வருமானம் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. அதனால்தான் எம்.ஃபிலை விடாதே என்கிறேன். கையில் ஆராய்ச்சி இல்லாமல் படம் மட்டும் போடத் தெரிந்தவர்கள் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள், இலையைப் பார்த்து நோயைச் சொல்லத் தெரிந்து படமும் போடுகிறவள் என்பதுதான் அவளுக்கு விலை. எம்.ஃபில் முடியும்போது ஐந்து படம் கையில் இருக்கட்டும். ஒன்று அவளுடையது, மிச்சம் நாலு பக்கத்து லெப்பில் இருக்கும் நண்பர்களின் ஆராய்ச்சிக்கு. முதல் இரண்டை இலவசமாகச் செய்யட்டும், மூன்றாவதிலிருந்து காசு கேட்க வேண்டும், கூச்சப்படக் கூடாது. வெளிநாடு போக ஆசை வந்தால் அப்போதும் போகலாம், புலமைப்பரிசில் கொடுத்து அவர்கள் கூப்பிடும்போது, அவளுடைய துறையில்.

நேற்று இரவு வட்ஸ்அப்பில் புதுப் படம் அனுப்பியிருக்கிறாள். சூரியன் போய்விட்டது, மலை மேல் பனி இறங்கி நிற்கிறது. கடைசியில் நன்றி என்று போட்டு அம்மாவின் பெயரை எழுதியிருக்கிறாள், சுப்பர்வைசர் பெயருக்கு மேலே. அந்த வரிசையை மட்டும் மாற்றச் சொன்னேன், வம்பு வேண்டாம் என்று. மாற்ற மாட்டாளாம்.

கடிதத்தில் முற்பணம் கட்டும் கடைசித் திகதி இந்த மாதம் 30. அந்தத் திகதி போகட்டும் அக்கா, ஏஜெண்ட் ஃபோன் எடுத்தால் என் நம்பரைக் கொடுங்கள். நகையை மீட்கிற வழியைப் பார்ப்போம். பெரியப்பாவை அடுத்த ஞாயிறு திரும்பக் கூட்டி வாருங்கள், அவர் இன்னும் அந்தப் படத்தை ஒழுங்காகப் பார்க்கவில்லை, அன்றைக்குக் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.