லண்டன் ஹீத்ரோ – ஆம்ஸ்டர்டாம்: டிக்கெட்டில் இருப்பது சரியான நேரம்தான்

சகோ, டிக்கெட் தப்பில்லை. போகும்போது 9:00 – 11:20, திரும்பும்போது 12:00 – 12:20 என்று இருப்பதைப் பார்த்து, ஒரே தூரத்துக்கு எப்படி 2 மணி 20 நிமிடமும் 20 நிமிடமும் என்று கேட்டிருக்கிறீர்கள். அச்சாகியிருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். ஆம்ஸ்டர்டாம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முந்தி. கழித்துக் கூட்டினால் இரு பக்கமும் 1 மணி 20 நிமிடம். கோடையோ குளிரோ, இந்த வித்தியாசம் மாறாது.

வெறும் 370 கிலோமீட்டருக்கு அது அதிகம்தான். வானத்தில் இருப்பது முக்கால் மணி நேரம், கொஞ்சம் முன்பின். மிச்சமெல்லாம் தரையில். நேரக் கணக்கு விமானம் கேட்டை விட்டு நகர்வதில் தொடங்கி, அடுத்த கேட்டில் நிற்பதில் முடிகிறது. ஹீத்ரோவில் ஓடுபாதைக்கு வரிசை. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் போல்டர்பான் ஓடுபாதையில் இறக்கினால் தொலைந்தது. 2003இல் திறந்த அது டெர்மினலிலிருந்து அவ்வளவு தள்ளி. ஏ5 நெடுஞ்சாலைக்கு மேலே பாலத்தில் விமானம் ஊர்ந்து போகும், கீழே கார்கள் ஓடும். ஜன்னல் சீட் கிடைத்தால் பாருங்கள்.

இறங்கியதும் நீங்கள் பிடிக்க நினைக்கும் 11:40 ராட்டர்டாம் ரயிலை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டேஷன் டெர்மினலுக்கு அடியிலேயே இருந்தாலும், பிரிட்டன் ஷெங்கனில் (எல்லையில் பாஸ்போர்ட் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) இல்லாததால் பாஸ்போர்ட் வரிசை உண்டு. சாதாரண உள்நாட்டு டிக்கெட் குறிப்பிட்ட வண்டிக்கு மட்டும் என்று கிடையாது, அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம். அதனால் ரயில் 12:30க்கு மேல்தான் என்று வைத்துக்கொண்டு நிம்மதியாகக் கிளம்புங்கள்.