சிறு பெப்டைடும் செல்லும்: கேள்வி பதில்

கேள்வி: மூன்று நான்கு அமினோ அமிலம் சேர்ந்த ஒரு சிறு பெப்டைடு ஒரு செல்லை என்ன செய்துவிடும்?

பதில்: நிறையச் செய்யும். ஃபைப்ரோநெக்டின் ஒரு பெரிய புரதம். அதில் செல்கள் பற்றிக்கொள்ளும் இடத்தைப் பியர்ஷ்பாக்கரும் ருவோஸ்லாட்டியும் 1984-இல் நான்கு அமினோ அமிலம் வரை குறுக்கிக் காட்டினார்கள். அதன் உயிர்நாடி அர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம், சுருக்கமாக ஆர்ஜிடி. செல் வளர்க்கும் தட்டின் பரப்பில் அதை ஒட்டவைத்தால், செல் தன் மேற்பரப்பிலுள்ள பிடிப்புப் புரதமான இன்டெக்ரினால் அதைப் பிடித்துப் படரும். அதையே மீடியத்தில் (செல் வளரும் திரவத்தில்) கரைத்துவிட்டால் இன்டெக்ரினை அடைத்து, செல்லை ஒட்டவிடாது. அஸ்பார்டிக்கின் இடத்தில் குளுடாமிக்கை வைத்தால் கூடுவது ஒரே ஒரு கார்பன்தான், ஆனால் ஒட்டும் திறன் போய்விடும். அதனால்தான் குளுடாமிக் வைத்த அந்த ஆர்ஜிஇ அவ்வளவு அருமையான கன்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரி.

கேள்வி: என் பெப்டைடு எலும்புச் செல்களின் பெருக்கத்தைக் குறைக்கிறது. எழுதிவிடலாமா?

பதில்: டிஎஃப்ஏவை (டிரைஃப்ளூரோஅசெட்டிக் அமிலத்தை) தனியாகப் போட்டுப் பார்த்தீர்களா? பெப்டைடின் தயாரிப்பிலும் சுத்திகரிப்பிலும் அது உப்பாக ஒட்டிக்கொண்டு வரும். எலிக் கருவின் எலும்புச் செல்களை அது மட்டுமே, மைக்ரோமோலாருக்கும் குறைந்த அளவில், அடக்கியது 1999-இல் வெளியானது. பெப்டைடை ஹைட்ரோகுளோரைடு உப்பாக மாற்றி மறுபடி செய்யுங்கள்.

கேள்வி: என் செல்களை டிஎஃப்ஏ ஒன்றும் செய்யவில்லை. வீண் பயம்தானே?

பதில்: போட்டுப் பார்த்ததால்தானே அது உங்களுக்குத் தெரிந்தது? நான் கேட்பதும் அதைத்தான்.

கேள்வி: அதே அமினோ அமிலங்களை வரிசை கலைத்துச் செய்த பெப்டைடிலும் அதே உப்புதான் இருக்கிறது. அந்தக் கன்ட்ரோல் போதாதா?

பதில்: நல்ல வாதம். இரண்டிலும் உப்பின் அளவு ஒன்றாக இருந்தால் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தொகுதிக்குத் தொகுதி மாறும். அதோடு, பெப்டைடு செல்லைப் பெருக்க, உப்பு அதை அமுக்கினால், உள்ள விளைவே இல்லாததுபோலத் தெரியும். இந்தப் பிழையை எந்தக் கலைத்த வரிசையும் காட்டிக்கொடுக்காது.

கேள்வி: எந்த அளவில் தொடங்குவது?

பதில்: நானோமோலார் செறிவிலிருந்து பத்துப் பத்து மடங்காக ஏறுங்கள். எடைபோட்ட பொடி முழுக்கப் பெப்டைடு அல்ல, நீரும் உப்பும் (ஆமாம், டிஎஃப்ஏதான்) உண்டு. நிகர அளவை வைத்துக் கணக்கிடுங்கள்.

கேள்வி: எம்டிடி என்ற நிறச் சோதனையின் அளவு கூடியது. செல் பெருகியதாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எம்டிடி காட்டுவது வளர்சிதை மாற்றத்தை. செல்லை எண்ணுங்கள்.

கேள்வி: ஆய்வகப் பொடியை நானே ஊசியாகப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். உடம்புக்கு வேண்டியதை மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: செல்லுக்குள் நுழையும் என்று சொல்லப்படும் டாட் பெப்டைடின் ஒளிர்வு நியூக்ளியசில் (உட்கருவில்) தெரிகிறது. உள்ளே போய்விட்டதா?

பதில்: செல்லை ஃபிக்ஸ் செய்த (வேதிப்பொருளால் அப்படியே நிலைநிறுத்திய) பிறகு பார்த்திருந்தால் நம்ப வேண்டாம். வெளியே ஒட்டியிருந்தது ஃபிக்ஸ் செய்யும்போதே உள்ளே நுழைந்துவிடும். 2003-இல் இதைக் காட்டிவிட்டார்கள். புரதத்தை வெட்டும் நொதியான டிரிப்சினால் வெளியே ஒட்டியதை நீக்கிவிட்டு, செல் உயிரோடு இருக்கும்போதே பாருங்கள்.