மின்காந்தக் குறுக்கீட்டுச் சோதனை: சேலம் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களுள் ஒன்றாகச் சேலம் அறிவிக்கப்பட்டதிலிருந்து, இப்பகுதிப் பட்டறைகளிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் மின்காந்தக் குறுக்கீடு, அதாவது ஒரு மின்கருவியிலிருந்து கசியும் அலை மற்றொன்றின் வேலையைக் கெடுப்பது, குறித்த கேள்விகள் வந்தவண்ணம் உள்ளன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: விமானக் கருவி ஒன்றுக்கான அலுமினியப் பெட்டியை வரைபடத்தில் உள்ளபடியே கடைந்து, ஆனோடைஸ் செய்து கொடுத்தோம். மில் ஸ்டாண்டர்ட் 461 என்ற அமெரிக்க ராணுவ நெறியின் ஆர்.இ. 102 சோதனையில் (கருவியிலிருந்து கசியும் ரேடியோ அலையை அளப்பது) 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் கதிர்வீச்சு வரம்பைத் தாண்டுகிறது என்று பெட்டி திரும்பி வந்துவிட்டது. மூடிக்கும் பெட்டிக்கும் இடையே தாள்கூட நுழையாது. குற்றம் எங்களுடையதா? (சி.என்.சி. பட்டறை உரிமையாளர், சூரமங்கலம்)

பதில்: அளவுகள் சரியாக இருந்து, ஆனோடைஸ் செய்யச் சொன்னதும் வரைபடமே என்றால், குற்றம் வரைந்தவருடையது. ஆனோடைஸ் படலம், அதாவது அலுமினியத்தின் மேல் வளர்க்கும் ஆக்சைடு, மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே தாள் நுழையாத அந்தப் பொருத்தில், மின்னோட்டத்தின் கணக்குப்படி, மூடியும் பெட்டியும் திருகாணி உள்ள இடங்களில் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. இரண்டு திருகாணிகளுக்கு நடுவிலுள்ள நீளம் முழுவதும் ஒரு திறந்த பிளவுதான். பிளவின் நீளம் அலைநீளத்தில் பாதியை எட்டும்போது அது ஆன்டெனாவாகவே வேலை செய்யும் என்பதால், உங்கள் திருகாணிகள் 6 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்குமானால் 2.5 கிகாஹெர்ட்ஸ் அருகில் கசிவு உச்சத்துக்குப் போகும், அதற்கு வெகு முன்பே கசியவும் தொடங்கிவிடும். ஆர்.இ. 102 சோதனையோ 18 கிகாஹெர்ட்ஸ் வரை நீளக்கூடியது. அங்கே அலைநீளம் 1.7 சென்டிமீட்டருக்கும் குறைவு. திருகாணிகளை நெருக்கிக்கொண்டே போய் இதைச் சமாளிக்க முடியாது. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே அழுந்தி இடைவெளியை அடைக்கும் மின்கடத்தும் கேஸ்கெட் வேண்டும்.

கேஸ்கெட் அமரும் முகத்தில் ஆனோடைஸும் பவுடர் கோட்டிங்கும் படாதபடி மறைத்துவிட்டு, அந்த இடத்துக்கு மட்டும் மின்தடை குறைந்த வகைக் குரோமேட் பூச்சு, பட்டறை வழக்கில் சொன்னால் அலோடைன், கொடுக்க வேண்டும். முழு விமானம் போன்ற அமைப்புகளுக்கான மில் ஸ்டாண்டர்ட் 464-இன் பழைய பதிப்புகள் இத்தகைய ஒவ்வொரு பொருத்துக்கும் 2.5 மில்லி ஓம் என்ற உச்ச மின்தடை அளவைக் குறித்திருந்தன. இன்றும் அதுவே நல்ல இலக்கு. சாதாரண மல்டிமீட்டரில் இதை அளக்க இயலாது, நான்கு முனை மில்லி ஓம் மீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேஸ்கெட்டைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஒரு கண் வேண்டும்: வெள்ளித் துகள் கலந்த கேஸ்கெட் வெற்று அலுமினியத்தோடு சேர்ந்தால், உப்புப் பனிச் சோதனையில் பொருத்து அரித்துப் போய், கடற்படைக்குப் போகும் கருவி முதல் நாள் தேறிய சோதனையிலேயே பிறகு தோற்கும். அடுத்த ஆர்டரில் "இங்கே பூச்சு வேண்டாம்" என்ற குறிப்பு வரைபடத்தில் இல்லையென்றால், கடைவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆய்வகத்துக்குப் போகும் முன் எங்கள் இடத்திலேயே எதையாவது பார்த்துக்கொள்ள முடியுமா? (மின்னணுப் பொறியாளர், ஆத்தூர்)

பதில்: முடியும். சென்னையில் உள்ள, மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான சமீரின் மின்காந்தவியல் மையத்துக்கோ பெங்களூருவுக்கோ போய்ச் சோதனை அறையை வாடகைக்கு எடுத்த பிறகு காரணம் தேடுவது வீண் செலவு. வடத்தைச் சுற்றிக் கவ்வும் மின்னோட்ட ஆய்வுக்கருவி ஒன்றையும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலிமை என்று காட்டும் ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசரையும் கொண்டு, வடம் முழுவதிலும் ஒரே திசையில் ஓடும் பொது மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் சில மைக்ரோ ஆம்பியர் இருந்தாலே கவலைப்பட வேண்டும். பிறகு வடத்தின் பின்னல் உறை எப்படி முடிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அதை முறுக்கி 5 சென்டிமீட்டர் வாலாக்கி ஒரு திருகாணியில் கட்டியிருந்தால், அந்த வால் மட்டுமே 100 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 30 ஓம் மறிப்பை (மாறுமின்னோட்டத்துக்கான தடையை) தரும். உறை போட்டதன் பயனில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். இணைப்பியின் பின்புற உலோக உறையான பேக்‌ஷெல்லில் சுற்றிலும் 360 பாகையும் கவ்வும்படி முடிப்பதே முறை. என் அனுபவத்தில், சுற்றுப்பலகையைக் குறை சொல்லிக்கொண்டு வருபவர்களில் பாதிப்பேருக்கு நோய் வடத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: வீட்டுச் சாதனங்களுக்கு ஆன்டெனாவை 3 அல்லது 10 மீட்டர் தள்ளி வைக்கும்போது, ராணுவச் சோதனையில் 1 மீட்டர் மட்டும் ஏன்? இதில் தேறினால் விமானத்தில் பொருத்திவிடலாமா? (பொறியியல் மாணவி, சேலம்)

பதில்: வீட்டுச் சாதனத்தால் பாதிக்கப்படுவது பக்கத்து வீட்டு வானொலி. போர் விமானத்தில் ரேடியோ ஏற்பியின் ஆன்டெனாவும் கணினியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதனால்தான் தூரமும் குறைவு, வரம்பும் கடுமை.

இரண்டாம் கேள்விக்கு, இல்லை என்பதே பதில். 461 தனிக் கருவிக்கானது. எல்லாவற்றையும் பொருத்திய பின் முழு விமானத்தையும் சோதிப்பதற்கு 464 இருக்கிறது. பாதுகாப்புக்கு இன்றியமையாத அமைப்புகளுக்கு 6 டெசிபெல், வெடிபொருளை மின்சாரத்தால் தூண்டும் உறுப்புகளுக்கு 16.5 டெசிபெல் என்று குறுக்கீட்டைத் தாங்குவதில் கூடுதல் இடைவெளியையும் அது கேட்கிறது.

கேள்வி: எங்கள் ஊர் காமலாபுரம் விமான நிலையத்தை ஒட்டியது. நிலத்தில் 5ஜி கோபுரம் வைக்கக் கேட்கிறார்கள், விமானத்துக்கு ஆபத்தா? (விவசாயி, ஓமலூர் வட்டம்)

பதில்: தரையிறங்கும் விமானம் தன் உயரத்தை அறியப் பயன்படுத்தும் ரேடியோ உயரமானி 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை இயங்குகிறது. அமெரிக்காவில் 2022 தொடக்கத்தில் எழுந்த பரபரப்புக்குக் காரணம், அங்கே 5ஜி அலைவரிசை 3.98 கிகாஹெர்ட்ஸ் வரை நெருங்கியதும், பழைய உயரமானிகளின் வடிகட்டிகள் தம் எல்லைக்கு வெளியிலிருந்து வரும் வலுவான அலையைத் தடுக்கும் திறனற்றிருந்ததுமே. இந்தியாவில் அந்த அலைவரிசை 3.67 கிகாஹெர்ட்ஸிலேயே நின்றுவிடுவதால் இடைவெளி அதிகம். இருந்தும் தொலைத்தொடர்புத் துறை 2022 நவம்பரில், ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்தும் 2,100 மீட்டர், மையக்கோட்டிலிருந்து 910 மீட்டர் என்ற பரப்புக்குள் இந்த அலைவரிசைக் கோபுரங்களை வைக்க வேண்டாம் என்று நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. உங்கள் நிலம் எங்கே விழுகிறது என்று சர்வே எண்ணோடு பார்த்துக்கொண்டு, எந்த அலைவரிசை என்பதையும் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். கோபுரத்தின் உயரத்துக்கு விமான நிலையத் தரப்பில் பெற வேண்டிய தடையின்மைச் சான்று இதிலிருந்து வேறானது.

கேள்வி: கஞ்சமலை அடிவாரத்தில் மருந்து தெளிக்கும் ட்ரோன் அடிக்கடி திசைகாட்டிப் பிழை காட்டுகிறது. இதுவும் குறுக்கீடுதானா? (ட்ரோன் இயக்குபவர், இளம்பிள்ளை)

பதில்: கஞ்சமலையின் இரும்புத்தாது மாக்னடைட் வகை, அதுவே காந்தத்தன்மை உடையது. அது உண்டாக்குவது நிலையான காந்தப்புலம். ரேடியோ அலைக் குறுக்கீட்டுக்கான வடிகட்டியோ உறையோ அதற்கு உதவாது. ஆனால் மலைமேல் பழியைப் போடும் முன், தாதுப்பாறை இல்லாத திறந்த வயலில் பறக்கவிட்டுப் பாருங்கள். அங்கும் பிழை வந்தால், மோட்டாருக்குப் போகும் மின்வடங்கள் திசைகாட்டியை ஒட்டி ஓடுகின்றனவா என்று கவனிக்க வேண்டும். நேர், எதிர் வடங்கள் இரண்டையும் சேர்த்து முறுக்கி, திசைகாட்டியைத் தண்டின் மேல் உயர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். விமானக் கருவிகளுக்கான டி.ஓ. 160 நெறியின் 15-ஆம் பிரிவு இதற்காகவே உள்ளது: ஒரு கருவி திசைகாட்டியின் முள்ளை 1 பாகை விலக்கும் தூரம் எவ்வளவு என்று அளந்து, அதைப் பொறுத்தே அது எவ்வளவு தள்ளிப் பொருத்தப்பட வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள்.