நோர்டிக் நாடுகளில் ஊடக ஆய்வு: மின்னஞ்சல் அனுப்பும் முன்

கேள்வி: திருச்சியில் இதழியல் முதுகலை முடித்திருக்கிறேன். ஸ்வீடன், நார்வே பக்கம் ஊடகத் துறையில் பிஎச்.டி. செய்ய ஆசை. 'சமூக ஊடகமும் இளைஞர்களும்' என்ற தலைப்போடு பல பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஒருவரும் பதில் போடவில்லை. அங்கே இப்போது எதை ஆராய்கிறார்கள், எப்படி நுழைவது, எவ்வளவு செலவாகும்?

பதில்: செலவிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் நல்ல செய்தி இருக்கிறது. ஸ்வீடன், நார்வே, டென்மார்க் மூன்றிலும் பிஎச்.டி. என்பது பெரும்பாலும் விளம்பரம் கொடுத்து ஆளெடுக்கும் சம்பள வேலை. கல்விக் கட்டணம் கிடையாது. டென்மார்க்கில் மூன்று ஆண்டு. நார்வேயில் மூன்று, வகுப்பெடுப்பதும் சேர்ந்தால் நான்கு. ஸ்வீடனில் நான்கு, கற்பித்தல் பணியோடு ஐந்து வரை நீளும். இன்னொரு முதுகலை படித்துவிட்டு உள்ளே நுழையலாம் என்று யாராவது சொன்னால் யோசித்துச் செய்யுங்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் அந்தப் படிப்புக்கு இப்போது கட்டணம் வாங்குகிறார்கள். கடைசிவரை இலவசமாக வைத்திருந்த நார்வேயும் 2023-இல் மாறிவிட்டது.

உங்களுக்குப் பதில் வராததற்கும் அங்கே பிஎச்.டி. ஒரு வேலை என்பதுதான் காரணம். நம் ஊரில் வழிகாட்டியைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. அங்கே காலியிடம் அறிவிக்கப்படாமல் பேராசிரியர் நினைத்தாலும் உங்களை எடுக்க முடியாது. எனவே பல்கலைக்கழகங்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களையும், நார்வேக்கு ஜோப்நோர்கே தளத்தையும் வாரம் ஒருமுறை பாருங்கள். பின்லாந்து மட்டும் சற்று வேறு. அங்கே அறக்கட்டளை நல்கைகளை நம்பி ஆய்வு செய்பவர்கள் அதிகம் என்பதால், நன்றாக எழுதிய முன்வரைவோடு வழிகாட்டியை அணுகுவதில் அர்த்தம் உண்டு.

அடுத்து, என்ன ஆராய்கிறார்கள்? ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் உள்ள நோர்டிகாம் என்ற ஆய்வு மையம்தான் நுழைவாயில். அதன் 'நோர்டிகாம் ரிவ்யூ' இதழ் ஆங்கிலத்தில், இலவசமாக இணையத்தில் கிடைக்கிறது. கடந்த மூன்று ஆண்டு இதழ்களின் பொருளடக்கத்தைப் புரட்டினாலே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நோர்ட்மீடியா மாநாடு கூடுகிறது. 2023-இல் நார்வேயின் பெர்கன், 2025-இல் டென்மார்க்கின் ஓடென்ஸ். அதன் நிகழ்ச்சி நிரலையும் பாருங்கள். செய்தியைத் தவிர்க்கும் வாசகர்கள், உள்ளூர்ப் பத்திரிகை இல்லாமல் போன ஊர்கள், கைப்பேசியிலிருந்து விலகி இருக்க முயல்பவர்கள், செய்தி அறையில் செயற்கை நுண்ணறிவு என்று பேச்சு ஓடுகிறது. கடைசியாகச் சொன்னதற்கு பெர்கனில் மீடியாஃபியூச்சர்ஸ் என்று தனி மையமே உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழைய கேள்வி இருக்கிறது: ஊடகத்துக்கு அரசு எவ்வளவு செய்யலாம்? சிவெர்ட்சென், என்லி, மியோஸ், மோ என்ற நான்கு நார்வே ஆய்வாளர்கள் 2014-இல் 'ஊடக நல அரசு' என்ற கருத்தை ஒரு நூலாக முன்வைத்தார்கள். பள்ளி, மருத்துவமனைபோல நல்ல செய்தியும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டியது என்பது அதன் சாரம். நார்வே 1969-லும் ஸ்வீடன் 1971-லும் பத்திரிகைகளுக்கு மானியம் தரத் தொடங்கின. ஊரின் முதல் பத்திரிகையை நோக்கி விளம்பரம் தானாக ஓடும், இரண்டாவது செத்துவிடும். அந்த இரண்டாவதைக் காப்பாற்றத்தான் அப்போது மானியம் வந்தது. பணம் அரசுடையது, ஆசிரியர் மேசை அரசுடையதல்ல. இந்தக் கோடு எங்கே நிற்கிறது, எங்கே அழிகிறது என்று இன்னமும் வாதாடுகிறார்கள். பொது ஒளிபரப்புக்காகத் தொலைக்காட்சி வைத்திருப்பவர்கள் கட்டிவந்த பழைய உரிமக் கட்டணத்தை ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து என்ற ஐந்து நோர்டிக் நாடுகளுமே கைவிட்டு வரிப்பக்கம் போயிருப்பதால் (பின்லாந்து 2013, ஸ்வீடன் 2019, நார்வே 2020) அந்த வாதம் சூடாகவே இருக்கிறது.

இங்கேதான் உங்கள் தலைப்பைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டும். 'சமூக ஊடகமும் இளைஞர்களும்' ஒரு கேள்வியே அல்ல. அதோடு, ஸ்வீடனில் மக்களின் ஊடகப் பழக்கத்தை 1979 முதல் ஆண்டுதோறும் அளக்கிறார்கள். கோதன்பர்க்கின் சோம் நிறுவனம் 1986 முதல் கருத்துக்கணிப்பு நடத்துகிறது. இத்தனை நீண்ட தரவை வைத்திருப்பவர்களிடம் இருநூறு மாணவர்களின் கேள்வித்தாளைக் கொண்டுபோனால் எடுபடாது. அவர்களிடம் இல்லாததைக் கொண்டுபோங்கள். 2006-இல் தமிழக அரசு வீடுகளுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. பிறகு அரசு கேபிள் வந்தது. இதுவும் ஒருவகையில் அரசின் நலத்திட்டமாக வந்த ஊடகம்தான். ஆனால் பெட்டியையும் கம்பியையும் அரசு தர, திரையில் ஓடியவற்றில் பல கட்சிகளோடு நெருங்கிய சேனல்கள். வடக்கு ஐரோப்பாவை வைத்து உருவான 'ஊடக நல அரசு' என்ற கருத்து இந்த இடத்தில் தாக்குப்பிடிக்குமா? இப்படி ஒரு கேள்வியோடு போனால் தேர்வுக்குழு நிமிர்ந்து உட்காரும்.

மொழி பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதலாம். ஆனால் நார்வே கிராமத்து வாசகர்களை நேர்காணப் போகிறேன் என்று எழுதிவிட்டு மொழி தெரியாமல் நின்றால் விண்ணப்பம் அங்கேயே விழும்.

ஒவ்வொரு விளம்பரமும் ஒரு ஆய்வுத் திட்டத்தோடு கட்டப்பட்டதா, தலைப்பு உங்கள் விருப்பமா என்று முதலில் படித்துப் பாருங்கள். திட்டத்தோடு கட்டப்பட்டதென்றால் உங்கள் முன்வரைவையும் அதற்கேற்பத் திருத்தித்தான் அனுப்ப வேண்டும். விளம்பரத்தின் கீழே தொடர்புக்கென்று ஒருவர் பெயர் இருக்கும். மின்னஞ்சலை அவருக்கு எழுதுங்கள், அதுவும் குறிப்பான சந்தேகம் இருந்தால் மட்டும்.