சித்தி வீட்டில் இருக்கும் பிள்ளை

அன்புள்ள அக்காவுக்கு,

லண்டனில் உறவுக்காரப் பெண்ணின் வீட்டில் கொடுமைப்பட்டு இறந்துபோன விக்டோரியா கிளிம்பியே என்ற சிறுமியைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். படித்ததிலிருந்து என் வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளையின் முகம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. நான் லண்டனில் சனிக்கிழமைகளில் நடக்கும் ஒரு தமிழ்ப் பள்ளியில் சம்பளமில்லாமல் படிப்பிக்கிறேன். அவளுக்குப் பதினொரு வயது இருக்கும். தாய் தகப்பன் ஊரில். இங்கே சித்தி வீட்டில் இருக்கிறாள். சித்தி என்றால் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை. அந்த வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள். எந்த நேரம் எந்தப் பால்மா கரைக்க வேண்டும் என்று இவளுக்குத்தான் தெரிகிறது. கை விரல்கள் ப்ளீச் பட்டுத் தோலுரிந்து கிடக்கின்றன. வகுப்பில் தூங்கிவிடுகிறாள். "பள்ளிக்கூடத்தில் இன்னும் இடம் கிடைக்கவில்லை" என்று மாதக்கணக்காகச் சொல்கிறார்கள். சித்தி கூட்டிப்போக வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நேராக நிற்கிறாள்.

கமிட்டியில் சொன்னேன். "நாங்களும் வீட்டு வேலை செய்துதானே வளர்ந்தோம்" என்றார் ஒருவர். "எங்கள் ஆட்களின் விஷயத்தை வெள்ளைக்காரரிடம் கொண்டுபோகாதே. சோசல் சேர்விஸ் வந்தால் அந்த வீட்டுக் குழந்தைகளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவார்கள், விசாவிலும் கை வைப்பார்கள்" என்றார் இன்னொருவர். இது கொடுமையா, எங்கள் வளர்ப்பு முறையா? நான் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும்?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

யாரும் அடையாளம் காணாதபடி கடிதத்தில் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நீங்கள் உள்ளூராட்சிக் கவுன்சிலுக்குச் சொல்லிவிட்டீர்கள் என்று தகவல் வந்த பிறகே இதை வெளியிடுகிறேன். தனிமடலில் சுருக்கமாக எழுதியதை இங்கே விரித்து எழுதக் காரணம், உங்களைப் போல இரண்டு மனதோடு இருப்பவர்கள் நிறையப் பேர் என்பதுதான்.

கமிட்டிக்காரர் சொன்னது சரி, நாங்களும் வீட்டு வேலை செய்துதான் வளர்ந்தோம். தண்ணீர் அள்ளினோம், தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தோம். ஆனால் காலையில் பள்ளிக்கூடம் போனோம். காய்ச்சல் வந்தால் யாராவது நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். பள்ளிக்கூடம் இல்லை, தூக்கம் இல்லை, கையில் தோல் இல்லை. இதை வளர்ப்பு முறை என்று சொன்னால், பிள்ளைகளை வளர்த்த எங்கள் தாய்மாரை அவமதிக்கிறோம்.

"அவர்கள் பழக்கம் அப்படி" என்ற எண்ணம்தான் விக்டோரியாவின் உயிர் போன கதையிலும் இருந்தது. அவள் மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்டில் பிறந்தவள். தகப்பனுக்கு அத்தை முறையான ஒரு பெண், ஐரோப்பாவில் படிக்கவைக்கிறேன் என்று சொல்லி 1998 கடைசியில் கூட்டிப்போனார். முதலில் பாரிஸ், பிறகு 1999 ஏப்ரலில் லண்டன். வேறொரு பிள்ளையின் பெயரில் இருந்த கடவுச்சீட்டில்தான் அவள் இங்கே வந்தாள். படிக்கவென்று வந்தவள் இங்கிலாந்தில் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்தில் இருக்கவில்லை. 2000 பெப்ரவரி 25 அன்று, எட்டு வயதில் இறந்தாள். உடம்பில் 128 காயங்களும் தழும்புகளும் எண்ணப்பட்டன. அந்த உறவுக்காரப் பெண்ணும் அவருடைய துணைவரும் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றார்கள்.

லார்ட் லேமிங் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2003 ஜனவரியில் வந்தது. நான்கு கவுன்சில்களின் சமூக சேவைப் பிரிவுகளுக்கும், இரண்டு மருத்துவமனைகளுக்கும், பொலிஸின் இரண்டு சிறுவர் பாதுகாப்புக் குழுக்களுக்கும் அவளைத் தெரிந்திருந்தது. காப்பாற்றியிருக்கக்கூடிய சந்தர்ப்பங்கள் பன்னிரண்டு என்று அந்த அறிக்கை எண்ணிச் சொல்கிறது. முதல் மருத்துவமனையில் அடித்த காயமாக இருக்கலாம் என்று எழுந்த சந்தேகத்தை, இது சொறி என்ற ஒரு மூத்த மருத்துவரின் முடிவு ஓரங்கட்டியது. அவளுக்குப் பொறுப்பாக இருந்த சமூகப் பணியாளர் அவளைப் பார்த்தது நான்கு தடவை, எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்கும் குறைவு.

உங்கள் கடிதத்தில் அந்தப் பிள்ளை எழுந்து நேராக நிற்பாள் என்று படித்தபோது எனக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது. விக்டோரியாவும் அப்படித்தான் நின்றாள். கூட்டிவந்த அந்த அத்தை முறைப் பெண்ணின் முன்னால் கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, இராணுவத்தில் நிற்பதுபோல. ஆப்பிரிக்க, கரீபியக் குடும்பங்களில் பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை அது என்று அந்தச் சமூகப் பணியாளர் நினைத்துக்கொண்டார். விசாரணையில் தாய் தகப்பனைக் கேட்டபோது, எங்கள் வீட்டில் அவள் அப்படி நிற்க வேண்டியிருந்ததே இல்லை என்றார்கள். லேமிங் தன் அறிக்கையில் வருந்தி எழுதுவதும் இதைத்தான்: எந்தப் பண்பாட்டிலிருந்து வந்தாலும் அவள் ஏழு வயதுச் சிறுமி, மற்ற ஏழு வயதுச் சிறுமிகளுக்கு வேண்டியதே அவளுக்கும் வேண்டும் என்பது அதிகாரிகளுக்கு மறந்துபோயிற்றோ என்று.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது. உங்கள் கமிட்டிக்கு அதைக் கட்டாயம் சொல்லுங்கள். 1999 ஜூனில் கவுன்சிலுக்கு முதலில் தொலைபேசியில் சொன்னவர் அந்தக் குடும்பத்துக்குத் தூரத்து உறவான ஒரு பெண். அடுத்த மாதம் பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது அவளைப் பகலில் பார்த்துக்கொண்ட குடும்பம். கூட இருந்த சாதாரண மனிதர்களுக்குக் கண் தெரிந்தது, அவர்கள் வாய் திறந்தும் சொன்னார்கள். சம்பளம் வாங்கி வேலை செய்தவர்கள்தான் கைவிட்டார்கள். எங்கள் ஆட்களின் விஷயத்தை வெளியே சொல்வது துரோகம் என்பவர்களுக்கு, தொலைபேசியில் சொன்ன அந்தத் தூரத்து உறவுப் பெண்ணைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

சரி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவார்களா? தமிழ் வீடுகளில் இந்தப் பயம் எவ்வளவு ஆழமானது என்று எனக்குத் தெரியும். மொழிபெயர்ப்பாளராக இந்த வீடுகளுக்குள் போயிருக்கிறேன். சட்டம் இப்படி: சமூகப் பணியாளர் தானாக முடிவெடுத்துப் பிள்ளையை எடுத்துக்கொண்டு போக முடியாது. தாய் தகப்பன் சம்மதிக்க வேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். உடனடி ஆபத்து என்றால் பொலிஸ் 72 மணி நேரம் வரை பிள்ளையைப் பாதுகாப்பில் வைக்கலாம். அவசரப் பாதுகாப்பு உத்தரவு என்றால் முதலில் எட்டு நாள் வரைதான். பெரும்பாலும் நடப்பது வீட்டுக்கு வந்து பார்ப்பது, பிள்ளையோடு தனியாகப் பேசுவது, பள்ளியில் சேர்ப்பது, குடும்பத்துக்கு என்ன உதவி தேவை என்று கேட்பது. கைக்குழந்தைகள் இரண்டோடு திணறும் அந்தச் சித்திக்கும் உதவி தேவையாக இருக்கலாம்.

இன்னொன்று நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளை, தாய் தகப்பன் இல்லாமல் வேறொருவர் வீட்டில் 28 நாள் அல்லது அதற்கு மேல் தங்குவதென்றால் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். தாத்தா, பாட்டி, கூடப்பிறந்தவர்கள், தாய் தகப்பனின் கூடப்பிறந்தவர்கள் வீடு என்றால் தேவையில்லை. அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை அந்தப் பட்டியலில் இல்லை. விக்டோரியாவைக் கூட்டிவந்த அத்தை முறையும் இல்லை. தெரிவித்தால் ஒருவர் வந்து பார்ப்பார், அந்தப் பிள்ளை இந்த நாட்டில் இருக்கிறாள் என்று ஒரு கோப்பாவது இருக்கும். நல்ல மனதோடு ஒன்றுவிட்ட அக்காவின் பிள்ளையை வைத்துப் பார்க்கும் எத்தனையோ வீடுகள் இதைச் செய்யாமல் இருக்கின்றன. தமிழ்ப் பள்ளிகள் சேர்க்கைப் படிவத்தில் "பிள்ளை யாருடன் இருக்கிறது" என்று கேட்டு, இந்த விதியைச் சொல்லிக்கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

விசா பற்றிக் கேட்டவருக்கு: விசா இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளையைப் பாதுகாக்க வேண்டியது கவுன்சிலின் கடமை. ஐந்து முதல் பதினாறு வயது வரை படிப்பும் அப்படித்தான்.

ஆனால் அதிகாரிகள்மேல் உள்ள பயம் வெறும் பிரமை என்று நான் சொல்லமாட்டேன். 2009இல் இங்கிலாந்தில் கஞ்சா வளர்த்த இடங்களில் வியட்நாமியச் சிறுவர்கள் இருவர் தனித்தனியாகப் பிடிபட்டார்கள். கடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள் என்று அதிகாரிகளே ஏற்றுக்கொண்ட பிறகும் அவர்களுடைய குற்றத் தீர்ப்பு நிலைத்தது. 2021 பெப்ரவரியில்தான் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பிரிட்டன் அவர்களைப் பாதுகாக்கத் தவறியது என்று தீர்ப்புச் சொன்னது. அப்புறம், தனியாக வந்து தஞ்சம் கேட்ட பிள்ளைகளை 2021இலிருந்து உள்துறை அமைச்சு ஹோட்டல்களில் வைத்தது. அவர்களில் 200 பேரை இன்னும் காணவில்லை என்று 2023 ஜனவரியில் அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். பெரும்பாலும் அல்பேனியப் பெடியன்கள். அப்படி வழக்கமாக ஹோட்டலில் வைப்பது சட்டவிரோதம் என்று அந்த ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த நாட்டுப் பிள்ளைகள் 200 பேர் காணாமல் போயிருந்தால் இந்த நாடு தூங்கியிருக்குமா?

ஆகவே, சொன்னதோடு உங்கள் பங்கு முடிந்தது என்று நினைக்காதீர்கள். கவுன்சிலிடமிருந்து பதில் வராவிட்டால் மறுபடி கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். 1999 ஜூனில் அந்தத் தூரத்து உறவுப் பெண் தொலைபேசியில் சொன்னதைக் கேட்டவர்கள் வாரக்கணக்கில் அசையவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

இது ஆட்கடத்தலா என்றும் தனிமடலில் கேட்டிருந்தீர்கள். லொறிக்குள் ஒளித்துக் கொண்டுவந்தால்தான் கடத்தல் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். விமானத்தில், உறவுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாலும், வேலை வாங்குவதற்காகவே கொண்டுவந்திருந்தால் அது கடத்தல்தான். பிள்ளை சம்மதித்தாள், தாய் தகப்பன் சம்மதித்தார்கள் என்பது கணக்கில் வராது. அப்படிச் சந்தேகம் வந்தால், கடத்தலுக்கு ஆளானவர்களை அடையாளம் காண 2009இலிருந்து இருக்கும் தேசியப் பரிந்துரை முறைக்கு கவுன்சிலோ பொலிஸோ அனுப்பும். பெரியவர்கள் என்றால் அவர்கள் ஒப்புதல் வேண்டும், பிள்ளைகள் என்றால் தேவையில்லை. நவீன அடிமைமுறைச் சட்டம் 2015இல் வந்த பிறகு, சுரண்டியவர்கள் செய்யவைத்த பல குற்றங்களுக்குப் பிள்ளைகளைத் தண்டிக்காமலிருக்க வழி இருக்கிறது. ஆனால் பாதிக்கப்பட்டவர் என்று அங்கீகாரம் கிடைத்தாலே விசா கிடைத்துவிடாது. அதனால் நல்ல வழக்கறிஞர் ஒருவர் ஆரம்பத்திலேயே வேண்டும்.

மீண்டு வந்த பிள்ளைகளுக்கு என்ன தேவை என்பதில் நான் கண்ணால் பார்த்த சிலதைச் சொல்கிறேன். ஒரே கதையைப் பொலிஸுக்கு ஒருமுறை, கவுன்சிலுக்கு ஒருமுறை, உள்துறைக்கு ஒருமுறை, வழக்கறிஞருக்கு ஒருமுறை சொல்லவைப்பார்கள். ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் மாறும். பயந்த பிள்ளை முதலில் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும், நம்பிக்கை வந்த பிறகு நடந்ததைச் சொல்லும். இதைப் பொய் என்று எழுதிவைத்தால் அந்தப் பிள்ளை மறுபடி வாயே திறக்காது. சொந்தக்காரரையோ ஊர்க்காரரையோ மொழிபெயர்க்க வைக்கவே கூடாது. அறைக்குள் வரும் தமிழர் எந்த ஊர், யாருக்கு உறவு என்று அந்தப் பிள்ளை முதலில் பார்க்கும், பார்த்துவிட்டு மௌனமாகும். பிள்ளையை மீட்ட முதல் சில நாட்கள்தான் மிக ஆபத்தானவை. கடத்தியவர்களின் எண் மனப்பாடமாக இருக்கும், ஊரில் வீட்டுக்காரர் வாங்கிய கடன் தலைக்கு மேல் இருக்கும், தானாகவே திரும்பிப் போய்விடும். தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய மனுசிதான். நாள் தவறாமல் வருபவள், சொன்ன நேரத்துக்கு வருபவள், துருவிக் கேட்காமல் சோறு போடுபவள். சட்டத்தில் இதற்கென்று சுயாதீனப் பாதுகாவலர் ஏற்பாடு இருக்கிறது. இங்கிலாந்தின் எல்லாக் கவுன்சில்களிலும் அது இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சில வார்த்தைகள். பிள்ளை ஏதாவது சொன்னால் அவள் சொன்ன அதே சொற்களைத் தேதியோடு எழுதிவையுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். வீட்டாரிடம் நேரே போய்க் கேட்காதீர்கள். மறுநாளே பிள்ளையை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள், ஊருக்கும் அனுப்பிவிடலாம். ஆதாரம் திரட்டுவது உங்கள் வேலையில்லை, சந்தேகம் போதும். பிள்ளை வசிக்கும் இடத்துக் கவுன்சிலின் சிறுவர் பிரிவுக்குச் சொல்லலாம், அல்லது என்.எஸ்.பி.சி.சி. என்ற சிறுவர் பாதுகாப்புத் தொண்டு நிறுவனத்தின் 0808 800 5000 எண்ணுக்கு. அங்கே பெயர் சொல்லாமலும் பேசலாம். பிள்ளைகள் தாங்களே பேச 0800 1111. ஆட்கடத்தல் என்று பட்டால் 08000 121 700. உயிருக்கு ஆபத்து என்றால் 999. இரவிலும் சனி ஞாயிறிலும் எடுக்கக் கவுன்சில்களுக்குத் தனி அவசர எண் இருக்கிறது, திங்கட்கிழமை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

தங்கை, கமிட்டியில் இனி உங்களோடு முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள் என்று தனிமடலில் எழுதியிருக்கிறீர்கள். சிலர் அப்படித்தான் இருப்பார்கள். ஆனால் அந்தக் கமிட்டியில் பிள்ளைகளெல்லாம் வளர்ந்து போய், அறைகள் சும்மா கிடக்கும் வீட்டுக்காரர் ஒருவராவது இருப்பார். அவரிடம் போய், வளர்ப்புப் பெற்றோராகக் கவுன்சிலில் பதிந்துகொள்கிறீர்களா என்று கேளுங்கள். சோசல் சேர்விஸ் எங்கள் பிள்ளைகளை அந்நிய வீட்டில் வைக்கிறது என்று கவலைப்படுபவர் அவர்தான் என்றால், இன்னும் உரிமையோடு கேட்கலாம்.

அன்புடன்,
அக்கா