காக்பிட் (படகில் உட்கார்ந்து ஓட்டும் பள்ளமான இடம்) வேலை: படகு கட்டுவோரின் கேள்விகளுக்குப் பதில்

இருக்கையின் அகலம் எவ்வளவு வைக்கலாம்?

அகலம் 40 முதல் 45 செ.மீ. இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும். ஆனால் இந்த அளவை நம்பிப் பலகையை அறுத்துவிடாதீர்கள். அட்டையும் பழைய ரீப்பரும் வைத்து ஒரு மாதிரி செய்து, அதில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். படகு சாயும்போது உங்கள் பாதம் எதிர் இருக்கையின் பக்கப் பலகையில் ஊன்ற வேண்டும். அது எட்டவில்லை என்றால் உடம்பு வழுக்கிக்கொண்டே இருக்கும். சுக்கான் பிடியையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பாருங்கள், முழங்காலில் இடிக்கக்கூடாது.

கிளீட் (கயிற்றைச் சுற்றிக் கட்டும் கொம்பு) பொருத்திய இடத்தைச் சுற்றி ஒரே வருடத்தில் பிளைவுட் கறுத்துவிட்டது. ஏன்?

ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பிளைவுட்டை அழுக வைப்பதில் கடல் நீரைவிட மழைத்தண்ணீருக்கே பங்கு அதிகம். மேலே எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும், துளையின் உள்சுவரில் மரம் பூச்சில்லாமல் தெரிந்தால் அது ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சும்.

முதலில் ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதிது வைப்பதுதான் வழி. கெட்டியாக இருந்தால் நன்றாகக் காயவிட்டு இப்படிச் செய்யுங்கள். 6 மி.மீ. போல்ட்டுக்கு 12 மி.மீ. துளை போடுங்கள். அடியில் டேப் ஒட்டி, உள்சுவரில் தண்ணியான எபாக்ஸியை (இரண்டு திரவங்களைக் கலந்ததும் இறுகும் பிசின்) தடவுங்கள். அது மரத்தில் ஊறியதும் சிலிகாத் தூள் கலந்த கெட்டி எபாக்ஸியால் துளையை நிரப்புங்கள். இறுகிய பிறகு நடுவில் 6 மி.மீ. துளை. இனி போல்ட்டைத் தொடுவது எபாக்ஸி மட்டும்தான், மரம் அல்ல.

துளையின் வாயை லேசாகச் சரித்துவிட்டால் சீலன்ட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) அங்கே வளையமாகத் தங்கும். போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, அடியில் நட்டை மட்டும் திருகுங்கள். ஒரேயடியாக முறுக்கினால் சீலன்ட் முழுவதும் பிதுங்கி வெளியே வந்துவிடும். அடியில் 9 மி.மீ. பிளைவுட் துண்டும் பெரிய வாஷரும் கட்டாயம் வேண்டும். சிலிகான் சீலன்ட்டைத் தவிர்த்துவிடுங்கள், அது பட்ட இடத்தில் அப்புறம் பெயிண்ட் பிடிக்காது.

வடிகால் குழாய் எவ்வளவு பெரியது வேண்டும்?

கால் வைக்கும் பள்ளம் 120 செ.மீ. நீளம், 50 அகலம், 40 ஆழம் என்றால் 240 லிட்டர் பிடிக்கும். ஓர் அலை நிரப்பிவிட்டால் மூன்று பேர் எடை கூடுதலாக ஏறிவிட்டது என்று அர்த்தம். அதனால் பின்மூலைகள் இரண்டிலும் 38 மி.மீ.க்குக் குறையாமல் மூலைக்கொரு குழாய் வையுங்கள்.

ஆனால் ஆட்கள் ஏறிய பிறகும் பள்ளத்தின் தரை வெளித்தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்தால்தான் இது வேலை செய்யும். இல்லாவிட்டால் அதே குழாய் தண்ணீரை உள்ளே கொண்டுவரும். துளை போடுவதற்கு முன் படகை இறக்கி, ஆட்களை உட்கார வைத்து மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எபாக்ஸி மேல் அடித்த பெயிண்ட் உரிகிறதே?

இறுகும்போது எபாக்ஸியின் மேல் சில சமயம் மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். முதலில் வெறும் தண்ணீரும் நாரும் வைத்துக் கழுவுங்கள், அதற்குப் பிறகே உப்புத்தாள். மாற்றிச் செய்தால் படலத்தைத் தேய்த்து உள்ளே ஏற்றுகிறீர்கள். பெயிண்ட்டே வேண்டாம் என்றும் விட்டுவிடாதீர்கள், வெயில் எபாக்ஸியைக் கெடுக்கும்.

இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டி நனைகிறது.

மூடிக்கு அடியில், வாயைச் சுற்றிச் சிறிய வாய்க்கால் அமைத்து அதன் வடிகாலைக் கால் பள்ளத்துக்குத் திருப்புங்கள். ரப்பர் பட்டை மட்டும் போதாது. நல்ல தாழ்ப்பாளும் போடுங்கள். அது இல்லாமல் படகு கவிழ்ந்தால் மூடி தானாகத் திறந்து பெட்டி நிரம்பிவிடும், பிறகு நிமிர்த்துவது பெரும்பாடு.